ஒரே விஷயத்துக்கு ஏழெட்டு சர்வதேச அமைப்புகள்: கடைசியில் யார் பேச்சு செல்லும்?

காற்றாடி:
ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் போக்குவரத்துக்கு லண்டனில் ஒரு அமைப்பு, கடலடித் தாதுக்களுக்கு கிங்ஸ்டனில் ஒரு ஆணையம், வழக்குக்கு ஹாம்பர்க்கில் ஒரு தீர்ப்பாயம், மீனுக்கோ வட்டாரத்துக்கு ஒன்று. காப்புரிமை, அகதிகள், கடன், நோய் என்று எதைத் தொட்டாலும் இதே கதைதான். ஒருவர் வேலையை இன்னொருவரும் செய்கிறார், சில சமயம் ஒருவர் போட்ட விதியை இன்னொருவரின் விதி மறுக்கிறது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரு துறைக்கு ஒரே அமைப்பு என்று வைத்தால் என்ன குறைந்துபோகும்? சும்மா வம்புக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும்.

சட்டப்புத்தகம்:
எந்த ஒன்றை வைத்துக்கொள்வது, எதைக் கலைப்பது என்று முடிவு செய்ய இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒருவர் வேண்டுமே, அப்படி யாரும் கிடையாது என்பதுதான் முதல் சிக்கல். ஒவ்வொரு அமைப்பும் தனி உடன்படிக்கையில் பிறந்தது, ஒவ்வொன்றிலும் உறுப்பு நாடுகள் வேறு. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் இருக்கிறது, உயிரியல் பன்மய உடன்படிக்கையில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் மரபணு மாற்றுப் பயிர்களுக்கு அனுமதி கொடுக்காமல் இழுத்தடித்த வழக்கில், மரபணு மாற்று உயிரிகளைப் பற்றிய கார்டஹீனா நெறிமுறையையும் கணக்கில் எடுங்கள் என்று ஒன்றியம் கேட்டுப் பார்த்தது. வழக்குப் போட்ட நாடுகள் அதில் உறுப்பினர் அல்ல, ஆகவே எடுக்கத் தேவையில்லை என்று 2006-ல் வர்த்தக அமைப்பின் குழு சொல்லிவிட்டது. உடன்படிக்கை இருந்தும் அந்த அறைக்குள் அதற்கு மதிப்பில்லை.

பழையபேனா:
மேலே யாரும் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஐ.நா. சாசனத்தின் 103-வது பிரிவு இருக்கிறதே. சாசனக் கடமையும் வேறு உடன்படிக்கையும் மோதினால் சாசனம்தான் மேல் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

சட்டப்புத்தகம்:
எழுதியிருக்கிறது சார், அதை மறுக்கவில்லை. ஆனால் 2008-ல் காதி வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் லக்சம்பர்க் நீதிமன்றம் என்ன செய்தது? பாதுகாப்பு சபை ஒருவரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது, ஐரோப்பிய ஒன்றியம் அதை அப்படியே தன் ஒழுங்குமுறையாக்கி அவர் சொத்தை முடக்கியது. அவரிடம் விளக்கம் கேட்கவில்லை, ஆதாரத்தைக் காட்டவில்லை, இது எங்கள் அடிப்படை உரிமைகளுக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் அந்த ஒழுங்குமுறையை அவரளவில் ரத்து செய்தது. பாதுகாப்பு சபையின் தீர்மானத்தை நாங்கள் தொடவில்லை, எங்கள் சட்டத்தை மட்டும் பார்க்கிறோம் என்று சாமர்த்தியமாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்கள். 103 ஏட்டில் மேலே இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம்சுழி:
இரண்டு பேரும் சட்டத்திலேயே நிற்கிறீர்கள். இந்த ஒழுங்கின்மை தானாக வந்தது போலவே பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதி திட்டமிட்டு வந்தது. அறிவுசார் சொத்துரிமைக்கு ஜெனீவாவில் ஏற்கெனவே வைப்போ என்ற ஐ.நா. அமைப்பு இருந்தது, 1980களில் அங்கே வளரும் நாடுகள் எண்ணிக்கையில் அதிகம், விதியை மீறினால் தண்டிக்க வழியும் இல்லை. பணக்கார நாடுகள் என்ன செய்தன? பேச்சை அப்படியே வர்த்தகப் பேச்சுவார்த்தைக்குள் நகர்த்தின. 1986-ல் உருகுவே சுற்று தொடங்கியபோது காப்புரிமையும் நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டது, 1995-ல் ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் உலக வர்த்தக அமைப்பின் கீழ் அமலுக்கு வந்தது. காப்புரிமையில் தவறினால் துணி ஏற்றுமதியில் அடி விழும் என்ற நிலை. வைப்போவை யாரும் கலைக்கவில்லை பாருங்கள். அது அப்படியே இருக்க, பக்கத்துக் கட்டடத்தில் புதிதாக ஒரு கடை திறந்தார்கள்.

காற்றாடி:
அப்படியென்றால் என் வாதத்துக்குத்தானே வலு சேர்க்கிறீர்கள்? பல கதவு இருப்பதால்தான் பலசாலி தனக்குப் பிடித்த கதவில் நுழைகிறான்.

சட்டப்புத்தகம்:
மூன்றாம்சுழி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். ட்ரிப்ஸ் வந்த பிறகு வளரும் நாடுகளும் அதே வேலையைச் செய்தன. வர்த்தக அமைப்பில் எடுபடாததை உலக சுகாதார அமைப்பில் பேசின, மனித உரிமை மன்றங்களில் பேசின, எய்ட்ஸ் மருந்து விலையை அங்கெல்லாம் பெரிதாக்கிவிட்டு அந்த அழுத்தத்தோடு வர்த்தக அமைப்புக்குத் திரும்பின. 2001-ல் தோஹாவில் பொது சுகாதாரப் பிரகடனம் வந்தது அப்படித்தான். காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே மருந்து தயாரிக்க விடும் கட்டாய உரிமத்தைக் கொடுக்கும் அதிகாரம் ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று எழுத்தில் வாங்கினார்கள். ஒரே அமைப்பு மட்டும் இருந்திருந்தால் இந்தச் சுற்றுவழியே கிடையாது.

மூன்றாம்சுழி:
அப்புறம் என்ன நடந்தது என்பதையும் நீங்களே எழுதியிருக்கலாம். தோஹாவில் விட்டுக்கொடுத்ததை இருதரப்பு வர்த்தக ஒப்பந்தங்களில் திரும்ப வாங்கினார்கள். காப்புரிமைக் காலத்தை நீட்டு, மருந்துச் சோதனைத் தரவை இத்தனை ஆண்டு பூட்டி வை, விதைக்கு, புதுப் பயிர் ரகம் உருவாக்கியவருக்கு உரிமை தரும் 1991 யூபோவ் சட்டத்தில் சேர் என்று ட்ரிப்ஸ் கேட்காததை எல்லாம் கேட்டார்கள். சின்ன நாடு தனியாக எதிரே உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? கதவை மாற்றும் விளையாட்டை இரண்டு பக்கமும் ஆடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒவ்வொரு கதவிலும் நிறுத்த வக்கீல் இருக்கிறார், இன்னொரு பக்கத்தில் ஜெனீவாவில் இருக்கும் இரண்டு மூன்று பேரே சுகாதாரம், வர்த்தகம், தொழிலாளர், அகதிகள் என்று எல்லாக் கூட்டத்துக்கும் ஓட வேண்டியிருக்கிறது.

உப்புக்காற்று:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பலசாலி, ஏழை என்ற கணக்கில் அடங்காத வழக்கு ஒன்று உண்டு, மாக்ஸ் ஆலை வழக்கு. எனக்குப் பிடித்த வழக்கு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் செல்லாஃபீல்ட். புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் கலந்து அணு எரிபொருள் செய்யும் ஆலை ஒன்றை அங்கே கட்டினார்கள். எதிர்க்கரையில் அயர்லாந்து, நடுவில் ஐரிஷ் கடல். அயர்லாந்துக்குக் கடல் மாசுபடும் என்ற பயம். சரி, எங்கே வழக்குப் போடுவது? வடகிழக்கு அட்லாண்டிக் கடலைக் காக்க 1992-ல் போட்ட ஓஸ்பார் உடன்படிக்கையின்படி, ஆலை பற்றிய தகவலைக் கொடு என்று அயர்லாந்து 2001-ல் ஒரு நடுவர் மன்றத்தை நாடியது. அதே ஆண்டு கடல் சட்ட உடன்படிக்கையின்படி, மாசைத் தடு என்று இன்னொரு நடுவர் மன்றத்தையும் நாடியது. அது அமர்வதற்குள் ஆலை ஓடத் தொடங்கிவிடுமே என்று ஹாம்பர்க் தீர்ப்பாயத்திடம் இடைக்கால உத்தரவும் கேட்டது. டிசம்பர் 3-ம் தேதி ஹாம்பர்க் சொன்னது: ஆலையை நிறுத்தச் சொல்ல மாட்டோம், இரண்டு பேரும் தகவல் பரிமாறி ஒத்துழையுங்கள்.

2003-ல் ஓஸ்பார் மன்றம் அயர்லாந்தின் கோரிக்கையைத் தள்ளியது. கடல் சட்ட மன்றமோ, நீங்கள் இருவரும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளாயிற்றே, இந்த விவகாரம் லக்சம்பர்க்குக்குச் சொந்தமானதாக இருந்தால் நாங்கள் ஒன்று சொல்லி அவர்கள் வேறு சொன்னால் என்னாவது என்று வழக்கையே ஒத்திவைத்தது. இதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்தின் மேலேயே வழக்குப் போட்டது. 2006 மே 30-ல் தீர்ப்பு: ஒன்றியத்தின் சட்டத்துக்குள் வரும் தகராறை வெளி மன்றத்துக்குக் கொண்டுபோனது அயர்லாந்தின் தவறு. அயர்லாந்து வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கடல் மாசுபட்டதா, படுமா என்ற கேள்விக்கு எந்த மன்றமும் முழுப் பதில் சொல்லவே இல்லை. ஆலை கடைசியில் 2011-ல் மூடுவதாக அறிவிக்கப்பட்டது, அதற்குக் காரணம் வியாபாரம்.

காற்றாடி:
இதைப் படித்துவிட்டு இரண்டு முறை சிரித்தேன். நாலு பஞ்சாயத்து கூடியும் மாடு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

பழையபேனா:
சிரிக்கலாம், ஆனால் மன்றங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டதை நான் குறையாகப் பார்க்க மாட்டேன். முரணான இரண்டு தீர்ப்பு வந்திருந்தால் அதைவிட மோசம். சிலியின் வாள்மீன் தகராறைப் பாருங்கள். கடல் வளத்தைக் காக்கிறோம் என்று சிலி, ஸ்பானியக் கப்பல்கள் வாள்மீனைத் தன் துறைமுகத்தில் இறக்க விடவில்லை. ஐரோப்பா 2000-ல் அதை வர்த்தகத் தடை என்று உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோனது, சிலி அதே சங்கதியை மீன்வளப் பாதுகாப்பு என்று கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. இரண்டு இடத்திலும் வழக்கு நிலுவையில் இருக்க, இரண்டு தரப்பும் தாங்களாகவே பேசி முதலில் தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டு, பத்து ஆண்டுக்குள் இரண்டையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எங்கே எது செல்லும் என்று தெரியாத அந்த நிச்சயமின்மைதான் அவர்களைப் பேச வைத்தது என்பது என் எண்ணம்.

மூன்றாம்சுழி:
சிலி கொஞ்சம் தெம்பான நாடு. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

வேதியியல்வாத்தி:
வழக்கு வழக்கு என்றே போகிறீர்கள். மன்றம் எதுவும் ஏறாமலே இரண்டு அமைப்பு ஒன்றையொன்று கெடுக்கலாம். இதைக் கேளுங்கள்.

குளிர்பதன வாயு ஒன்று, எச்சிஎஃப்சி-22. ஓசோனைக் கெடுக்கும், அதனால் மான்ட்ரியல் நெறிமுறையின் கீழ் வருகிறது. அதைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்று ஒரு கழிவு வாயு தவிர்க்க முடியாமல் வரும். அது ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 11,700 மடங்கு என்று அப்போதைய கணக்கு. ஆகவே அது காலநிலைக்கான கியோட்டோ நெறிமுறையின் கீழ். ஒரே ஆலை, ஒரே குழாய், இரண்டு வாயுக்கும் இரண்டு உடன்படிக்கை.

கியோட்டோவில் தூய்மை வளர்ச்சிப் பொறிமுறை என்று ஒன்று. வளரும் நாட்டு ஆலை ஒரு டன் எச்எஃப்சி-23-ஐ எரித்து அழித்தால் 11,700 டன் கரியமில வாயுவைக் குறைத்ததாகச் சான்று கிடைக்கும், அதை ஐரோப்பியச் சந்தையில் விற்கலாம். எரிக்க ஆகும் செலவு அற்பம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கழிவை அழிப்பதில் கிடைக்கும் வருமானம் குளிர்பதன வாயுவை விற்பதைவிட மேலாகிவிட்டது. அழிக்கக் கழிவு வேண்டும், கழிவுக்கு எச்சிஎஃப்சி-22 உற்பத்தி வேண்டும். மான்ட்ரியல்காரர்கள் எதைக் குறைக்கப் பாடுபட்டார்களோ அதைத் தொடர்ந்து தயாரிக்க கியோட்டோ காசு கொடுத்தது! சில ஆலைகள் சான்றுக்காகவே உற்பத்தியைக் கூட்டின என்று 2010 வாக்கில் பெரிய சர்ச்சை. 2013 மே முதல் ஐரோப்பா இந்தச் சான்றுகளை ஏற்பதில்லை என்று நிறுத்தியது.

யாரும் இங்கே ஏமாற்றவேண்டும் என்று விதி எழுதவில்லை. இரண்டு விதியும் தனித்தனியே படித்தால் நியாயமாகத்தான் இருக்கும்.

காற்றாடி:
சரி வாத்தியார், இதை எப்படிச் சரிசெய்தார்கள்?

வேதியியல்வாத்தி:
மூன்றாவதாக ஒரு அமைப்பு தொடங்கவில்லை, அதுவே பெரிய விஷயம். எச்எஃப்சி குடும்பத்தையே மான்ட்ரியலுக்குள் இழுத்தார்கள். 2016 கிகாலி திருத்தம். ஓசோனுக்கு எந்தக் கெடுதலும் செய்யாத வாயுக்கள் ஓசோன் நெறிமுறைக்குள்! எச்எஃப்சி-23-ஐ அழிப்பது இப்போது அதன் கீழ் ஒரு கடமை, சான்று விற்றுச் சம்பாதிக்கும் வழி அல்ல. 2019 முதல் அமலில் இருக்கிறது. ஏன் அங்கே கொண்டுபோனார்கள் என்றால், மான்ட்ரியலில் வளரும் நாடுகளுக்குப் பணம் கொடுக்கத் தனி நிதியம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, ஆலைக்காரர்களையும் வாயுக்களையும் நன்கு அறிந்த ஆட்கள் இருந்தார்கள், நாடுகளும் ஒருவரையொருவர் ஓரளவு நம்பின. காலநிலைப் பேச்சில் இந்த மூன்றும் அரிது.

சட்டப்புத்தகம்:
அருமையான உதாரணம். காற்றாடி, உங்கள் ஒற்றை அமைப்பு யோசனையை இதில் பொருத்திப் பாருங்கள். காலநிலைக்கு ஒரே அமைப்பு என்று 1992-லேயே முடிவு கட்டி மற்ற எல்லாவற்றையும் மூடியிருந்தால் எச்எஃப்சி-யைக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னொரு இடமே இருந்திருக்காது.

காற்றாடி:
பொருத்திப் பார்க்கிறேன். ஒரே அமைப்பு இருந்திருந்தால் ஒரே ஆலைக்கு இரண்டு விதி வந்தே இருக்காது என்றும் பார்க்கலாமே! நோயை உண்டாக்கிவிட்டு மருந்தைப் புகழ்கிறீர்கள்.

வேதியியல்வாத்தி:
ஒரே அமைப்புக்குள்ளும் இரண்டு துறை சண்டை போடும் ஐயா. அங்கே அது வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

தேன்சிட்டு:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நோய்க்கிருமி பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். 1952 முதல் உலக சுகாதார அமைப்பின் கீழ் ஒரு வலைப்பின்னல் இருக்கிறது, நாடுகள் ஃப்ளூ வைரஸ் மாதிரிகளை அதற்கு அனுப்பும், அதை வைத்து தடுப்பூசி செய்வார்கள். 2007 தொடக்கத்தில் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் மாதிரிகளை அனுப்ப மாட்டேன் என்று நின்றுவிட்டது. நாங்கள் கொடுத்த வைரஸில் வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்கிறது, அதை வாங்க எங்களுக்கு வசதியில்லை என்பது புகார். சுகாதார விதிகளில் அதற்கு இடம் தேடினால் கிடைத்திருக்காது. அவர்கள் எடுத்தது 1992 உயிரியல் பன்மய உடன்படிக்கையை. ஒரு நாட்டின் மரபணு வளங்கள் மீது அந்த நாட்டுக்கே இறையாண்மை என்று அது சொல்கிறது. மூலிகையையும் விதையையும் மனதில் வைத்து எழுதிய விதி, அதைக் கொண்டுவந்து வைரஸுக்குப் போட்டார்கள்.

பலர் கொதித்தார்கள், உலகமே ஆபத்தில் இருக்கும்போது பேரமா என்று. ஆனால் நாலு ஆண்டு பேச்சுக்குப் பிறகு 2011-ல் உலக சுகாதார அமைப்பில் ஒரு ஏற்பாடு வந்தது: மாதிரியைப் பெறும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பங்களிப்புப் பணம் தர வேண்டும், பெருந்தொற்று வந்தால் தயாரிப்பில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். பக்கத்து உடன்படிக்கை இல்லாமல் இந்தோனேசியாவின் கையில் எந்தத் துருப்பும் இருந்திருக்காது.

மூன்றாம்சுழி:
நல்ல உதாரணம், ஆனால் அந்த ஏற்பாடு ஃப்ளூவுக்கு மட்டும். 2020-ல் வந்தது கொரோனா. அந்த விதி அதற்குப் பொருந்தவில்லை, தடுப்பூசி எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் வர்த்தக அமைப்பில் ட்ரிப்ஸ் விலக்கு கேட்டன, 2022 ஜூனில் கிடைத்தது பாதிகூட இல்லை. 2025 மேயில் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றார்கள், அதிலும் மாதிரிப் பகிர்வும் பலன் பகிர்வும் எப்படி என்ற பகுதியை மட்டும் தனி இணைப்பாகப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். முள் எங்கே இருக்கிறதோ அது மட்டும் எப்போதும் அடுத்த கூட்டத்துக்கு.

பழையபேனா:
விதை விஷயத்திலும் இதே முள்தான். 2001 ரோம் விதை உடன்படிக்கையின் பலதரப்பு ஏற்பாட்டில் 64 பயிர்கள். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு உள்ளே. தக்காளியும் நிலக்கடலையும் சோயாவும் வெளியே. ஒரு ஆராய்ச்சி நிலையம் அரிசி மாதிரி வாங்கினால் ஒரே மாதிரியான படிவத்தில் கையெழுத்து, தக்காளி மாதிரி என்றால் அதைக் கொடுக்கும் நாட்டோடு, மரபணு வளங்களின் பலனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறைப்படி தனியாகப் பேச வேண்டும். ஒரே குளிர்பதன அறை, பக்கத்துப் பக்கத்து அலமாரி. பேச்சுவார்த்தையில் யார் எதற்குப் பிடிவாதம் பிடித்தார்கள் என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

காற்றாடி:
பணத்தில் எப்படி? அங்கேயாவது ஐஎம்எஃப் ஒன்றுதானே?

சட்டப்புத்தகம்:
அங்கேயும் இல்லை. 1997 நெருக்கடியில் ஐஎம்எஃப் நிபந்தனைகளால் சூடுபட்ட ஆசிய நாடுகள், நெருக்கடியில் ஒருவருக்கொருவர் டாலர் கொடுத்து உதவ சியாங் மாய் என்ற ஏற்பாட்டைச் செய்தன, இன்று அதன் அளவு 24,000 கோடி டாலர். சுவாரசியம் என்னவென்றால், ஒரு நாடு தன் பங்கில் 40 சதவீதத்துக்கு மேல் எடுக்க வேண்டுமானால் ஐஎம்எஃப் திட்டம் ஒன்றில் இருந்தாக வேண்டும். ஐஎம்எஃப்-இடமிருந்து தப்பிக்கப் போட்ட ஏற்பாட்டின் பூட்டு ஐஎம்எஃப் கையில். கடன் கொடுக்கும் நாடுகளே அதைக் கேட்டன, பக்கத்து நாட்டிடம் போய் செலவைக் குறை என்று கண்டிப்பாகச் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. 2008-ல் கொரியாவுக்கு டாலர் தட்டுப்பாடு வந்தபோது அது நேரே அமெரிக்க மத்திய வங்கியிடம்தான் போனது.

மூன்றாம்சுழி:
கெட்ட பெயரை வாங்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவே சில அமைப்புகள் உயிரோடு இருக்கின்றன போல.

உப்புக்காற்று:
காற்றாடி கடலில் தொடங்கினார், புதிய ஆழ்கடல் உடன்படிக்கை பற்றி ஒன்று சொல்கிறேன். 2023-ல் ஏற்கப்பட்டது, 60 நாடுகள் உறுதிசெய்த பிறகு 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நாட்டு எல்லைகளுக்கு வெளியே பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிகளை அறிவிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறதா? 5-வது பிரிவைப் படியுங்கள். ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளையும் சட்டங்களையும் குலைக்காத வகையில்தான் இதை நடைமுறைப்படுத்த வேண்டுமாம். ஒரு பகுதியைப் பாதுகாக்க முடிவு செய்தாலும், அங்கே மீன்பிடிப்பை நிறுத்துவது மீன்வள அமைப்பின் அதிகாரம், கப்பல் பாதையை மாற்றுவது லண்டன் அமைப்பின் அதிகாரம், தாது தோண்டுவதை நிறுத்துவது கிங்ஸ்டனின் அதிகாரம். அதிகாரம் அவர்களுடையது என்றால் இவர்கள் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

காற்றாடி:
அப்போது புதிதாக ஒரு அமைப்பு எதற்கு? பரிந்துரைக் கடிதம் எழுதவா?

உப்புக்காற்று:
அந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் எடை இருக்கிறது. மூன்று இடத்திலும் உட்காருவது பெரும்பாலும் அதே நாடுகள்தானே. இங்கே பாதுகாப்புக்குக் கை தூக்கிய நாடு, மீன்வள அமைப்பில் போய் எதிர்த்துக் கை தூக்கினால் கேள்வி வரும். உடன்படிக்கையே சொல்கிறது, உறுப்பு நாடுகள் மற்ற அமைப்புகளிலும் இதன் நோக்கத்தை வளர்க்க வேண்டும் என்று.

மூன்றாம்சுழி:
நாடு ஒன்றுதான், அனுப்பும் அமைச்சகம் வேறு. இங்கே வருவது சுற்றுச்சூழல் அமைச்சகம், மீன்வள அமைப்புக்குப் போவது மீன்வளத் துறை, கிங்ஸ்டனுக்குச் சுரங்கத் துறை. இவர்கள் தங்கள் தலைநகரத்திலேயே ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எத்தனையோ முரண்பாடுகளை நாம் சர்வதேச அமைப்புகள் தலையில் கட்டுகிறோம், பாதி அந்தந்த நாட்டின் இரண்டு அமைச்சகத்துக்கு நடுவில் தீர்க்காமல் விட்டது.

பழையபேனா:
இந்த இழையில் நீங்கள் எழுதியதில் நான் முழுக்க ஒத்துக்கொள்வது இது ஒன்றுதான்.

காற்றாடி:
நான் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கலைக்க வேண்டும் என்ற பேச்சை வேண்டுமானால் ஓரமாக வைக்கிறேன். ஆனால் புதிதாக ஒன்று தொடங்கும் ஒவ்வொரு முறையும், பழையது எதோடு எங்கே உரசும், உரசினால் யார் போய்ப் பேசுவது, அதற்கு ஆள் இல்லாத நாட்டுக்கு வக்கீல் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே எழுதி வைக்கச் சொல்வது பேராசையா?

சட்டப்புத்தகம்:
கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பு வழக்குகளுக்கு வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் சட்ட உதவி தர 2001 முதல் ஜெனீவாவில் ஒரு ஆலோசனை மையம் இயங்குகிறது. அது வர்த்தக அமைப்பின் விதிகள், வழக்குகளுக்கு மட்டும்தான். இரண்டு உடன்படிக்கைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நாடு மற்ற பாதியைச் சொந்தச் செலவில்தான் பார்க்க வேண்டும்.